சுருளில் நழுவும் கனிமம்: அந்தக் கணக்கையும் சொல்லுங்கள்!

பல்லாவரத்தில் எங்கள் வீட்டில் இன்னும் அரிசியை அரித்துத்தான் உலையில் போடுகிறோம். தண்ணீர் ஊற்றிப் பாத்திரத்தை மெல்ல ஆட்டினால், அரிசி தண்ணீரோடு நகர்ந்து அடுத்த பாத்திரத்துக்குப் போகும். கல் அடியிலேயே தங்கிவிடும். கடற்கரை மணலில் கனிமம் பிரிப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

பல்லாவரத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. நம்ம மலையில் இருப்பது சார்னோகைட் என்ற பாறை. குமரி மாவட்ட மலைகளிலும் இது இருக்கிறது. இதுவும் இதையொத்த பாறைகளும் காலங்காலமாகச் சிதைந்து, ஆறுகள் வழியே கடலுக்குப் போய், அலைகளால் கரை சேர்ந்ததுதான் இல்மனைட், சிர்க்கான், மோனசைட், கார்னெட் கலந்த அந்த மணல்.

எப்படிப் பிரிக்கிறார்கள்?

கோயில் திருவிழா சறுக்குமரம் போல வளைந்து இறங்கும் ஒரு சுருள் தொட்டி. மேலிருந்து தண்ணீர் கலந்த மணலை விடுவார்கள். சாதாரண மணல் தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம். இல்மனைட் சுமார் 4.7 மடங்கு. கனமானது அடியில் படிந்து உள்விளிம்புப் பக்கம் வரும். லேசானது வேகமான தண்ணீரோடு வெளிவிளிம்புக்குப் போகும். சுருளுக்கு மோட்டார் கிடையாது, ரசாயனமும் வேண்டாம். மணலை மேலே ஏற்ற பம்பு இருந்தால் போதும்.

சிக்கல் எங்கே?

மாவு போன்ற நுண்துகளில். துகளின் அளவு பாதியானால், அது தண்ணீரில் படியும் வேகம் கிட்டத்தட்ட கால்வாசியாகிவிடும். சுமார் 0.075 மில்லிமீட்டருக்குக் கீழே போனால், கனமான துகளும் படிய நேரமில்லாமல் தண்ணீரோடு ஓடிவிடுகிறது. சாதாரணச் சுருளால் அதைப் பிடிப்பது கஷ்டம். அலை சலித்துத் தந்த கரை மணலில் இந்தத் தொல்லை குறைவு. களிமண் கலந்த உள்நிலத்து மணலில் அதிகம்.

இதை ஏன் இப்போது பேச வேண்டும்?

குமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக 2024-இல் மீனவ கிராமங்கள் திரண்டன. நாட்டுக்குக் கனிமம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தோண்டும் பரப்பை மட்டும் சொன்னால் போதுமா? அந்த மணலில் நுண்துகள் எவ்வளவு, அதில் எவ்வளவு கைக்கு வரும், மிச்சச் சேறு எங்கே போகும்? இந்த மூன்றையும் மக்கள் கருத்துக் கேட்புக்கு முன்பே, தமிழில், ஊராருக்குப் புரியும்படி தர வேண்டும். மோனசைட்டில் கதிரியக்கத் தோரியம் இருக்கிறது. நழுவிய துகள் சும்மா மண் அல்ல.

சேற்றை முன்பே பிரித்தெடுக்கவும், நுண்துகளுக்கென்றே வடிவமைத்த சுருளில் மறுபடி ஓடவிடவும் வழி உண்டு. செலவாகும்தான். ஆனால் கையில் வருவது குறைந்தால், அதே அளவு கனிமத்துக்கு இன்னும் அதிக நிலத்தைத் தோண்ட வேண்டியிருக்கும். அந்தச் செலவு கரையோரத்துக் குடும்பங்களின் தலையில்தான் விழும்.

அரித்த தண்ணீரைக் கொட்டும் முன், அதில் அரிசி போகிறதா என்று எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். அரசு நிறுவனத்திடமும் அதைத்தான் கேட்கிறோம்.