உரிமையை யாசகமாக்காதீர்கள்

பணியிடத்தில் கையோ காலோ சிதைந்த தொழிலாளியின் குடும்பம் அறுவைச் சிகிச்சைக்காக ஊராரிடம் கையேந்துவது, சட்டம் இல்லாததன் விளைவல்ல. இருக்கும் சட்டம் எட்டாததன் விளைவு. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் 2009-இல் செய்த திருத்தம், சிகிச்சைக்கு ஆன உண்மையான செலவை முதலாளியே திருப்பித் தர வேண்டும் என்றது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. ஆனால் 'திருப்பித் தருவது' என்றால் முதலில் கட்டுவது யார்? மருத்துவமனை முன்பணம் கேட்கும். வழக்கு முடிய ஆண்டுகளாகும். சிக்கல் இந்த இடைவெளியில்தான்.

சிறு முதலாளிகளால் இந்தச் சுமையைத் தாங்க முடியாது என்பார்கள். அதற்காகத்தான் இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது: முதலாளியின் பங்கு ஊதியத்தில் 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். அதில் தொழிலாளியைப் பதிவு செய்யாமல் மிச்சம் பிடிப்பவரின் லாபத்தை ஊனமுற்றவர் ஏன் ஈடுகட்ட வேண்டும்? தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்ற வாதமும் நிற்காது. வெறும் கவனக்குறைவு இழப்பீட்டை மறுக்கப் போதாது. நன்கொடையாளர்களின் இரக்கம் போற்றத்தக்கது. ஆனால் அது கடமை தவறியவரைக் காப்பாற்றிவிடக் கூடாது. அரசு ஓர் அவசர நிதியிலிருந்து சிகிச்சைச் செலவை உடனே செலுத்தி, பிறகு முதலாளியிடம் வசூலிக்க வேண்டும்.