வெள்ளையாய்க் காயும் சட்டை

நான் ஓய்வுபெற்ற மறுவாரம் கொடியில் துணி காயப்போட்ட என் மனைவி, கடைசியாக ஒரு சட்டையை உதறிப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, கல்யாணமான நாளையிலிருந்து இப்பத்தான் உங்க சட்டை வெள்ளையா காயுது" என்றாள்.

விருதுநகர் தாண்டி ஆமத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக முப்பத்தொரு வருடம் இருந்தேன். அலுமினியப் பவுடர் படிந்த துணியை எத்தனை அலசு அலசினாலும் சாம்பல் நிறம் போகாது. காலர் மடிப்பிலும் பித்தான் ஓட்டையிலும் மினுமினுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை முப்பத்தொரு வருடம் துவைத்தவளுக்குத்தான் வெள்ளைச் சட்டையின் அருமை தெரியும். எனக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை.

போர்மேன் உத்தியோகம் என்பது 'கூடாது' என்று சொல்லும் உத்தியோகம். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கலந்த மருந்து தேங்கக் கூடாது. இரும்புச் சாமான் உள்ளே போகக் கூடாது. மழை ஈரம் பவுடரில் படக் கூடாது. செல்போன் கூடவே கூடாது. வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போகணும். ஊரெல்லாம் வெடிக்கிற சத்தத்தைச் செய்கிற இடத்தில் நாங்கள் தேடியது சத்தமில்லாத பகலை. சாயங்காலம் வரைக்கும் சத்தம் கேட்கவில்லை என்றால் வந்தவர்கள் அத்தனை பேரும் வீடு திரும்புகிறார்கள் என்று அர்த்தம்.

அப்படிப் பழகிய எனக்கு மல்லாங்கிணறு வீட்டு அமைதி தாங்க முடியவில்லை. மகள் கல்யாணமாகித் திருப்பூரில். மகன் ஓசூரில் கம்பெனி வேலை. தீபாவளிக்கும் விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கும் வருவார்கள். வருகிற ராத்திரி மகன் எண்ணெய் பரோட்டா பொட்டலத்தோடு பஸ் இறங்குவான். இரண்டு நாள் வீடு நிறையும், மூன்றாம் நாள் மிச்சப் பொட்டலம்தான் கிடக்கும். மற்ற நாட்களில் சுவர்க் கடிகாரமும் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியும்தான் சத்தம். நாலரை மணிக்கே முழிப்பு வந்துவிடும். போக இடமில்லை. செய்ய வேலையில்லாதவன் என்ன செய்வான்? எனக்குத் தெரிந்த வேலையை அடுப்படியில் செய்தேன். சிலிண்டரைத் திறந்து போடக் கூடாது, தீப்பெட்டியை மேடையில் வைக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர் கூடாது. நாலாம் நாள் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "இது ஆலை இல்ல, அடுப்படி. போய் வாசல்ல உக்காருங்க."

வாசலில் உட்கார்ந்து ஒரு நாள் புலம்பினேன். "பிள்ளைகளும் போயாச்சு, வேலையும் போயாச்சு. இப்படி வெறிச்சுன்னு இருந்தா மனுசன் எப்படி இருக்கிறது?"

அவள் பருத்திப்பாலுக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

"உங்களுக்கு இப்பத்தான் வெறிச்சுன்னு இருக்கு. எனக்குப் பிள்ளைக பள்ளிக்கூடம் போன நாள்லருந்து பகல் பூராவும் இப்படித்தான். டிவியில 'சாத்தூர் அருகே பட்டாசு ஆலையில் வெடிவிபத்து'ன்னு கீழ ஓடும். எந்த ஆலைன்னு போட மாட்டான். உங்களுக்குப் போன் போட்டா நீங்க எடுக்க முடியாது. சாயங்காலம் பஸ் வர்ற வரைக்கும் நான் இந்த வாசல்ல நின்னுருக்கேன். அது வெறிச்சு. இது நிம்மதி."

நான் பேசவில்லை. ஒரே வீடு, ஒரே அமைதி. எனக்கு அது இழப்பாகப் பட்டது. அவளுக்கு அது வாழ்க்கையில் முதல்முறையாகப் பயமில்லாத பகல்.

இதை என் வீட்டுக் கதையாக மட்டும் சொல்லவில்லை. இந்த மாவட்டத்தின் கதை இது. 2023 பிளஸ் 2 தேர்வில் 97.85 சதவீதத் தேர்ச்சியோடு விருதுநகர்தான் மாநிலத்தில் முதல். அதற்கு முன்னும் எத்தனையோ வருடங்கள் முதலிடம் எங்களுக்குத்தான். கரிசல் மண்ணில் மழையை நம்ப முடியாது. மருந்து அறையில் பிள்ளையை உட்காரவைக்க மனசு வராது. திரி வெட்டியும் குழாய் உருட்டியும் தீப்பெட்டி ஒட்டியும் சம்பாதித்த காசில் படிக்க வைத்தோம். 'இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது' என்று சொல்லிச் சொல்லி வளர்த்தோம். சொன்னபடி கேட்டார்கள், சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். முதலிடம் வாங்கிய மாவட்டத்தில் வீடு காலியாகாமல் வேறென்ன ஆகும்? நாமே கேட்டு வாங்கிய அமைதியை வாசலில் உட்கார்ந்து திட்டுவதில் நியாயமில்லை.

விருதுநகரில் காமராசர் பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. வேலைக்குப் போன காலத்தில் தினமும் அந்த ஊரில் பஸ் மாறியும் உள்ளே போனதில்லை. ஓய்வுபெற்ற பிறகு இருவருமாகப் போனோம். எல்லோரும் அங்கே மகனைப் பார்க்கப் போகிறார்கள். என் மனைவி அம்மாவைப் பற்றித்தான் கேட்டாள். கணவரைச் சிறு வயதிலேயே இழந்த சிவகாமி அம்மாள், மகன் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காலத்திலும் விருதுநகரில்தான் இருந்தார். மகன் சென்னைக்குக் கூட்டிப் போய் வைத்துக்கொள்ளவில்லை. செலவுக்கு மாதம் 120 ரூபாய் அனுப்பினார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதை மகனின் நேர்மைக்குச் சாட்சியாக மேடைதோறும் சொல்கிறோம், சரிதான். அந்த நேர்மையின் பாரத்தை அந்தச் சின்ன வீட்டில் தனியாகச் சுமந்தவர் யார் என்று எந்த மேடையிலும் கேட்டதில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்: "நாட்டுக்குப் பிள்ளையைக் குடுத்தாலும் ஓசூருக்குக் குடுத்தாலும் வாசல்ல நிக்கிறவ ஒருத்திதான்."

எங்கள் பக்கத்தில் இன்னொரு அமைதியும் உண்டு. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்து, 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் நடந்தது, வருடாவருடம் பேர் தெரியாமல் போகிற சின்ன விபத்துகள். இவற்றால் வெறிச்சோடிய வீடுகளில் பிள்ளை ஓசூரில் இல்லை, எங்குமே இல்லை. சாயங்கால பஸ்ஸில் இறங்காதவனுக்காக இன்னமும் தெருமுனையைப் பார்க்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால், பண்டிகைக்கு இரண்டு நாள் பிள்ளைகள் வந்து போகிற வீட்டுக்காரன் புலம்புவது கூச்சமாக இருக்கிறது.

அதற்காக வயசான காலத்துத் தனிமை ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதிலும் ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு. எனக்கு டீக்கடை பெஞ்சு இருக்கிறது. அரசமரத்தடி, கோயில் மண்டபம், நூலகத்துப் பேப்பர் மேசை எல்லாம் என்னை வாங்க என்கின்றன. அவள் போய் உட்கார இந்த ஊரில் ஓர் இடம் சொல்லுங்கள். அவள் வயதுப் பெண்கள் அவரவர் வாசலில், அவரவர் அமைதியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்துக் கிராமங்களில் வயசான பெண்கள் நூறு நாள் வேலைக்குக் கிளம்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். கூலிக்காக மட்டும் போகவில்லை. கண்மாய்க் கரையில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நாலு வார்த்தை பேசவும்தான் போனார்கள். 2005-ல் சட்டமாக வந்த அந்தத் திட்டம் கிராம ஊராட்சிகளுக்கானது. மல்லாங்கிணறு பேரூராட்சி என்பதால் எங்கள் பெண்களுக்கு அந்தக் கரையும் இல்லை.

கையில் காசும் வேண்டும். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 2014-ல் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். பத்து வருடம் தாண்டியும் அதுவே நின்றது. அதுவும் ஆலைக் கணக்கில் பேர் ஏறியவர்களுக்குத்தான். உள்குத்தகையில் வேலை பார்த்தவர்களுக்கும், வீட்டுத் திண்ணையில் குழாய் உருட்டிய பெண்களுக்கும் அந்தக் கணக்கில் பேரே இல்லை. அவர்களுக்கு அரசின் முதியோர் உதவித்தொகை ஒன்றுதான் கதி. 2023-ல் அது 1,200 ரூபாயானது. மாத்திரைக்கும் கரண்ட் பில்லுக்கும் போக அதில் என்ன மிஞ்சும்?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பேரூராட்சிகளில் கல்யாணம், கூட்டம் இல்லாத நாட்களில் சமுதாயக் கூடங்கள் பூட்டித்தான் கிடக்கின்றன. காலை பதினொன்றிலிருந்து மாலை நாலு வரை அவற்றைத் திறந்து வையுங்கள். மின்விசிறி, குடிதண்ணீர், சுத்தமான கழிப்பறை, நாலு பாய். மாதம் ஒருமுறை நர்ஸ் வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டுப் போகட்டும். முதல் உரிமை பெண்களுக்கு. பிள்ளையை வெளியூருக்கு அனுப்பியவளும் விபத்துக்குக் கொடுத்தவளும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசட்டும். பட்டாசு ஆலை முதலாளிகள் சங்கங்கள் நினைத்தால் ஒரு வருட மின்கட்டணத்தைச் சிரமமில்லாமல் ஏற்றுக்கொள்ளலாம். இந்தப் பெண்கள் உருட்டிய குழாயில் வளர்ந்த தொழில்தானே.

அரசு செய்யும்வரை வீட்டில் செய்யக்கூடியதை நான் தொடங்கிவிட்டேன். செவ்வாயும் வெள்ளியும் அடுப்படி என் பொறுப்பு. சோறு இரண்டு தடவை குழைந்தது. மூன்றாம் தடவை பதம் பிடிபட்டது. அந்த இரண்டு நாளும் அவள் தன் தங்கை வீட்டுக்குக் காரியாபட்டி போய்விட்டு சாயங்கால பஸ்ஸில் வருகிறாள். இப்போது வாசலில் நிற்கிறவன் நான். பஸ் பத்து நிமிடம் பிந்தினாலும் மனசு என்னென்னவோ நினைக்கிறது.

ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்திருக்கிற என் வயது ஆண்களுக்கு ஒரு வார்த்தை. வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று புலம்புமுன் உங்கள் வீட்டுக்காரியிடம் ஒன்று கேளுங்கள்: 'நான் வேலைக்குப் போன பகலெல்லாம் நீ எப்படி இருந்தாய்?' கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.