கரையில் காத்திருக்கும் கார்

ஆறு தான் புறப்பட்ட இடத்துக்கு ஒருபோதும் திரும்புவதில்லை. ஆற்றில் படகு விடுபவர் மட்டும் திரும்பியாக வேண்டியிருக்கிறது. ஏனெனில் அவருடைய கார் அங்கே நிற்கிறது! காரின் கூரையில் கயாக்கைக் கட்டிக்கொண்டு நீர்நிலை தேடிச் செல்வோரைக் காணும்போதெல்லாம் இம்முரண் நம்மை உறுத்துகிறது. இதற்கான விடையை ஜெர்மனியில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டுவிட்டார்கள்.

1905ஆம் ஆண்டு மியூனிக்கில் கட்டடக்கலை பயின்ற ஆல்ஃபிரெட் ஹோய்ரிஷ் என்னும் மாணவர், மூங்கில் சட்டத்தின்மேல் பாய்த்துணி போர்த்திய மடக்குப் படகொன்றைச் செய்தார். அதில் இசார் ஆற்றின் வழியே பாட் டோல்ஸ் ஊரிலிருந்து மியூனிக் வந்து சேர்ந்தார். மரச்சட்டத்தின்மேல் சீல் தோலைப் போர்த்திய இனுயிட் மக்களின் கயாக்கே இதற்கு மூதாதை. 1907இல் அவ்வடிவமைப்பின் உரிமையை ரோசன்ஹைம் நகரத்துத் தையற்காரர் யோஹான் கிளெப்பர் வாங்கினார். உடுப்பைப் போல் மடித்துப் பையில் வைக்கும் பொருள் தையற்காரர் கைக்குப் போனது பொருத்தமே. கார் பெருகாத அக்காலத்தில் நகரவாசிகள் படகுப் பையோடு ரயிலேறி ஆறுகளைத் தேடிச் சென்றனர். மடக்குப் படகு ரயிலின் பிள்ளை என்றால் மிகையாகாது.

இதனை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குவோருக்கு இரு பெயர்களைச் சொல்லலாம். ஆஸ்கர் ஸ்பெக் 1932இல் உல்ம் நகரில், டான்யூப் ஆற்றில் மடக்குப் படகை இறக்கினார். இந்தியா, இலங்கைக் கரைகளையும் தொட்டு, 1939இல் ஆஸ்திரேலிய எல்லையை அடைந்தார். மருத்துவர் ஹான்னஸ் லிண்டெமான் 1956இல் இத்தகைய படகில் 72 நாள்களில் அட்லாண்டிக் கடலைக் கடந்தார்.

நம் அனுபவம் இவற்றின் முன் கடுகளவே. சென்ற கோடையில் மியூனிக்கில் அண்ணன் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, அவள் தோழியிடம் இரட்டை இருக்கை மடக்குப் படகொன்றை இரவல் வாங்கினாள். மூன்று பைகள், ஒரு சிறு சக்கர வண்டி. புறநகர் ரயிலில் ஸ்டார்ன்பெர்க் சென்று இறங்கினால் நிலையத்தை ஒட்டியே ஏரி. சட்டங்களைப் பொருத்தி மேலுறைக்குள் செலுத்த அரைமணி நேரம் போதும் என்றாள். நாம் கைகொடுத்ததால் ஒருமணி நேரம் ஆயிற்று. மேற்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கித் துடுப்பு வலித்து, டுட்சிங் நிலையத்தில் ரயிலேறுவது திட்டம்.

பாதி வழியில் எதிர்க்காற்று எழுந்தது. அலை படகின் முகத்தில் மோதத் தொடங்கியதும், “போதும் சித்தப்பா, கரைக்குப் போயிடலாம்” என்றாள். போசன்ஹோபன் அருகே கரையேறினோம். படகைப் பிரித்துப் பையிலிட்டு, அவ்வூர் நிலையத்திலேயே ரயிலேறினோம். அன்று கார் ஸ்டார்ன்பெர்க்கில் நின்றிருந்தால் என்ன செய்திருப்போம்? படகுக்கு ஒருவர் காவலிருக்க, மற்றவர் காரெடுக்கப் போயிருப்பார். அல்லது வீம்புக்கு அலையோடு போராடியிருப்போம். திட்டத்தைப் பாதியில் கைவிடும் உரிமையே நீர்ப்பயணத்தின் முதற் பாதுகாப்பு என்பதை அன்று உணர்ந்தோம்.

இதில் தொல்லைகளே இல்லை என்று சாதிக்க மாட்டோம். மரச்சட்டம் கொண்ட இரட்டைப் படகு 30 கிலோ அளவுக்குக் கனக்கும். புதிய கிளெப்பர் படகு பல ஆயிரம் யூரோ. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும்; அண்ணன் மகள் வீட்டு மாடத்தில் அந்த மேலுறை இரண்டு நாள் காய்ந்தது. 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் அறிமுகமான ஓரு கயாக் போன்றவை, நெளிந்த பிளாஸ்டிக் தகட்டைத் தாளைப் போல் மடித்துச் செய்யப்படுவதால் ஒருவர் முதுகில் சுமக்குமளவு எடை குறைந்தவை. விலையோ இன்னும் எளியோர்க்கு எட்டியதன்று. ஆயினும் ஒரு படகைப் பலர் பகிரலாம். நாங்கள் சென்றதும் இரவல் படகில்தான். படகுக்கு முன் ஒரு காரையும் வாங்கியாக வேண்டும் என்பதைவிட இது எளிதன்றோ?

நம்மை வருத்துவது வேறொன்று. ‘கார் டிக்கியில் அடங்கும்’ என்பதையே இன்றைய விளம்பரங்கள் பல இப்படகின் பெருமையாகப் பேசுகின்றன. காரிலிருந்து விடுதலை தர வல்ல பொருளை மீண்டும் காரின் வயிற்றுக்குள்ளேயே அடைக்கிறோம். வட்டார ரயில்களில் நாடு முழுதும் செல்லத்தக்க மாதச் சீட்டு 2023 மே மாதம் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்தது. படகுப் பைக்கு இதைவிடப் பொருத்தமான துணை வேறேது? ரயில் பெட்டியில் பைக்குச் சற்று இடமும், நிலையத்திலிருந்து நீர்க்கரைக்குச் சக்கர வண்டி உருளும் பாதையும் இருந்தால் போதும். கார் இல்லாதவருக்கும் ஏரி உரியதாகிவிடும்.

கட்டுவதும் அவிழ்ப்பதும் நமக்குப் புதியவையல்ல. நம் மீனவர்கள் கரை சேர்ந்ததும் மரங்களை அவிழ்த்து உலர்த்தி, மறுநாள் மீண்டும் கட்டிக் கடலேறினர். கட்டுமரம் என்ற பெயரே அதற்குச் சான்று. அவிழ்க்கத் தெரிந்தவனுக்கே எந்தக் கரையும் சொந்தக் கரை என்பது நம் துணிபு.