குனிய வேண்டியது யார்?



அடுத்த வாரம் நமது சங்கத்தின் பொதுக்குழு கூடுகிறது. பொங்கல் விழாக் கணக்கு, நூல் நிலையத்துக்குப் புதிய பீரோ ஆகியவற்றோடு, உறுப்பினர்களின் பொது உபயோகத்திற்கு இரண்டு மடக்கு சைக்கிள்கள் வாங்கும் தீர்மானமும் அங்கே வருகிறது. நல்ல தீர்மானம், வரவேற்கிறேன். டில்லி வெயிலில் விடுதியிலிருந்து மெட்ரோ நிலையம்வரை நடந்தவர்களுக்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. வெளியே பூட்டிவைத்த சைக்கிள் காலையில் இருக்குமா என்ற கவலையும் இல்லை. மடித்து அறைக்குள் கட்டில் ஓரமாக நிறுத்திவிடலாம்.

ஆனால், தீர்மானத்தில் குறித்துள்ள சைக்கிளின் கைப்பிடியை ஏற்றவோ இறக்கவோ முடியாது. விலை குறைவு என்பதற்காகவே அதைத் தேர்ந்திருக்கிறார்கள். அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

“கைப்பிடியின் உயரத்துக்கு ஒரு கட்டுரையா?” என்று சிரிப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவன்தான். சென்ற ஆண்டு பழைய மடக்கு சைக்கிள் ஒன்றை வாங்கினேன். நான் ஆறடிக்குச் சற்றே குறைந்தவன். காலுக்கு ஏற்றபடி ஸீட்டை உயர்த்தினேன். கைப்பிடி அதற்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது. ஸீட்டைத் தாழ்த்தினால் முழங்கால் வலித்தது. உயர்த்தினால் உடலின் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கியது. மூன்றே வாரத்தில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. தேர்வு மண்டபத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டிருந்தேன். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “சைக்கிள் ஓட்டுகிறீரா?” என்பதே. உள்ளங்கை ஓரமாகச் செல்லும் நரம்பு அழுந்துகிறது என்றார்.

சைக்கிள் கடை மிஸ்திரியிடம் போனேன். அவர் தண்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இது ஏறாது பாபு, நீங்கள்தான் குனிய வேண்டும்” என்றார்.

கடைசியில் அதை நம் சங்கத்துத் தங்கை ஒருத்தியிடம் விற்றேன். ஐந்தடிக்குச் சற்றே கூடுதலான உயரம். ஒரு சுற்றுச் சுற்றி வந்தவள், “அண்ணா, எனக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது!” என்றாள். இன்றும் அதில்தான் வகுப்புக்குப் போகிறாள். குற்றம் சைக்கிளுடையதும் அன்று, என்னுடையதும் அன்று. பொருத்தம் பார்க்காமல் முடித்த கலியாணம் அது!

இதன் காரணத்தைச் சற்றே பார்ப்போம். நம் ஊர்களில் ஓடும் பெரிய சைக்கிளில், கைப்பிடியின் தண்டு சட்டத்துக்குள் இறங்கியிருக்கும். மேலே உள்ள போல்ட்டைத் தளர்த்தி ஒரு தட்டுத் தட்டினால், இரண்டு அங்குலம் ஏற்றிக்கொள்ளலாம். மடக்கு சைக்கிளின் சக்கரமோ பெரும்பாலும் 16 அல்லது 20 அங்குலம்தான். முன்புறம் தாழ்ந்திருப்பதால், நம் கைக்கு எட்டக் கைப்பிடியை நீண்ட தண்டின் மேல் தூக்கி வைக்கிறார்கள். மடிப்பதற்காகத் தண்டின் அடியில் ஒரு கீல். தண்டு ஒரே துண்டாக இருந்தால், தொழிற்சாலை வைத்த உயரமே இறுதி உயரம். ஸீட்டோ ஒரு சாணுக்கு மேலும் உயரும். ‘எல்லோருக்கும் பொருந்தும்’ என்ற விளம்பரம் ஸீட்டுக்கு உண்மை; கைப்பிடிக்கு உண்மையன்று.

உலகில் இதற்கு இரண்டு விடைகள் கண்டிருக்கிறார்கள். 1970-களில் லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி உருவாக்கிய பிராம்ப்டன் சைக்கிளில் தண்டு நீளாது. ஆகவே தாழ்வு, நடு, உயர்வு என மூன்று உயரங்களில் கைப்பிடி செய்து, வாங்குபவரையே தேர்ந்துகொள்ளச் சொல்கிறார்கள். கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர்தான். அந்த ஆறே ஒருவன் முதுகை வளைக்கும் அல்லது நிமிர்த்தும். பிறகு மாற்ற நினைத்தால் தண்டோ கைப்பிடியோ மட்டும் மாற்றினால் போதாது. பிரேக் கம்பிகளையும் மாற்ற நேரிடும். பௌதிக அறிஞர் டேவிட் ஹான் 1982-இல் அமெரிக்காவில் தொடங்கிய டாஹோன் நிறுவனத்தின் பல மாதிரிகளிலோ, தண்டுக்குள் தண்டு. நெம்புகோலைத் திறந்து வேண்டிய அளவுக்கு இழுத்துக்கொள்ளலாம். ஒருவனே ஓட்டும் சைக்கிளுக்கு முதல் விடை போதும். பலர் ஓட்டும் சைக்கிளுக்கு இரண்டாவதே விடை.

எதிர்த்துப் பேசுவோர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நீளும் தண்டில் எடை கூடும், இணைப்பு ஒன்று அதிகமாவதால் நாளடைவில் ஆட்டம் காணும், விலையும் கூடும். மடிக்கும்போது இறக்க மறந்தால் சரியாக மூடாது. எல்லாம் உண்மை. ஆனால் ஆட்டம் கண்ட பிடியை ஸ்பானர் கொண்டு இறுக்கலாம். மரத்துப்போன விரலை எந்த ஸ்பானரால் சரிசெய்வது? தண்டில் பொறித்துள்ள எல்லைக் கோட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது, நெம்புகோலை மூடாமல் ஏறக்கூடாது என்ற இரண்டு விதிகளை எழுதி ஒட்டிவிட்டால் ஆபத்தும் இல்லை.

தாழ்ந்த கைப்பிடியே கூடாது என்பதன்று என் வாதம். வேகமாகச் செல்பவருக்கும் எதிர்க்காற்றில் மிதிப்பவருக்கும் அது உதவும். அதை அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள் என்றே கேட்கிறேன். பார்க்கும் முறையும் எளிது. முதலில் ஸீட்டைச் சரிசெய்யுங்கள்: குதிகாலைப் பெடலில் வைத்தால், கீழே கால் நேராக நீள வேண்டும். பிறகு கைப்பிடி: முழங்கை சற்றே மடங்கி, பாரம் ஸீட்டில் தங்க வேண்டும். வளாகத்துச் சிறுபயணத்துக்கு ஸீட்டின் மட்டமோ அதற்குச் சற்று மேலோ பலருக்கும் சுகம். கடை வாசலில் ஒரு வட்டம் போதாது. ஒரு கிலோமீட்டராவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நம்மிடம் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. சிறு வயதில் அப்பாவின் உயரமான சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள் நம்மில் எத்தனை பேர்! பதினோராம் வகுப்பில் அரசு தந்த சைக்கிளும், நெட்டையனுக்கும் குட்டையனுக்கும் ஒரே அளவுதான். கிடைத்ததே பெரிது, நம்மை அதற்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டோம். அன்று வேறு வழி இல்லை. இன்று நாமே சந்தா சேர்த்து, நாமே தேர்ந்து வாங்குகிறோம். இன்றுமா வளைய வேண்டும்? கைப்பிடி ஒருசிலருக்கு மட்டும் எட்டும் சைக்கிளைப் ‘பொது’ சைக்கிள் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே என் திருத்தம் இது: நீளும் தண்டுள்ள சைக்கிளையே வாங்குவோம். பணம் போதாவிட்டால், இரண்டுக்குப் பதில் ஒன்றே வாங்குவோம். பொதுக்குழுவுக்குத் தவறாமல் வாருங்கள், கை தூக்குங்கள். அந்தக் கை மரத்துப்போகாமல் இருக்கவே கேட்கிறேன்!