துப்பாக்கி ஒன்று - சட்டங்களோ ஐம்பது!

18 வயது நிறைந்த அமெரிக்க இளைஞன் ஒருவன் பீர் வாங்கக் கடைக்குப் போனால், "21 ஆகட்டும், பிறகு வா" என்று திருப்பி அனுப்பி விடுவார்கள். லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடைக்குப் போய்க் கைத்துப்பாக்கி கேட்டாலும், நாட்டின் பெரும் பகுதியில் அதே பதில்தான். ஆனால் அதே கடையில், அதே மேசையின் மேல், கைத்துப்பாக்கியைக் காட்டிலும் நீண்ட, அதைவிடப் பெருவேகத்தில் குண்டு பாய்ச்சும் ரைபிளைக் கேட்டால்? பதில் வராது, கேள்விதான் வரும். "தம்பி, நீ எந்த மாநிலத்தில் இருக்கிறாய்?"

டெக்சாஸ் என்று அவன் சொன்னால், பாரத்தை நிரப்பச் சொல்வார்கள். மத்திய சர்க்காரின் சோதனை முடிந்ததும் ரைபிளை எடுத்துக் கொடுப்பார்கள். மாநில சர்க்காரின் அனுமதிச் சீட்டு வேண்டுமா? வேண்டாம். காத்திருக்கும் காலம் உண்டா? கிடையாது. பயிற்சி பெற்றாயா என்ற கேள்வியாவது உண்டா? அதுவும் இல்லை!

அப்படித்தான் 2022 மே மாதத்தில், டெக்சாஸின் யுவால்டி என்ற சிற்றூரில், 18 வயது நிறைந்த சில நாட்களுக்குள் ஒருவன் இரண்டு ரைபிள்களை வாங்கினான். வாங்கியது சட்டப்படி, வீட்டில் வைத்திருந்தது சட்டப்படி, மே 24ஆம் நாள் தன் பாட்டியைச் சுடும் வரையில் எல்லாமே சட்டப்படி! பிறகு தொடக்கப் பள்ளிக்குள் புகுந்தான். 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் பிணமாயினர். அதற்குப் பத்தே நாட்களுக்கு முன்புதான் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் இன்னொரு 18 வயதுக்காரன் கடைக்குள் புகுந்து, கறுப்பின மக்கள் 10 பேரைச் சுட்டுக் கொன்றிருந்தான். அவனுடைய ரைபிளும் கடையில் விலை கொடுத்து வாங்கியதே.

முதல் முறையாக ரைபிள் வாங்கப் போகிறவர் தம் மாநிலச் சட்டத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும் என்று அங்குள்ளோர் ஓயாமல் சொல்கிறார்கள். சரியான பேச்சுத்தான். ஆனால் அந்தச் சட்டம் வாங்குகிறவனிடம் என்ன கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்பதையும் சேர்த்தல்லவா பார்க்க வேண்டும்?

நம் நாட்டில் ஒரே ஆயுதச் சட்டம், 1959ஆம் ஆண்டுச் சட்டம். முதலில் லைசென்ஸ், அதன் பிறகே ஆயுதம். அங்கே அடித்தளமே வேறு. 1791இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை உரிமையாக எழுதி வைத்தது. அது தனிமனிதனின் உரிமையே என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. ஆகவே சர்க்கார் எதைத் தடுக்கலாம் என்பதுதான் அங்கே வழக்கு.

தடுக்கத் தொடங்கியதற்கும் ஒரு கதை உண்டு. 1963இல் அதிபர் கென்னடியைக் கொன்ற ரைபிள், கடை ஏறி வாங்கியதல்ல. பொய்ப் பெயரில், அஞ்சல் பெட்டி எண்ணைக் கொடுத்து, சிகாகோ கடை ஒன்றிலிருந்து தபாலில் வரவழைத்தது. தொலைநோக்கியும் தபால் செலவும் சேர்த்து விலை 21 டாலர் 45 சென்ட். ஒரு நாட்டின் தலைவனை வீழ்த்த ஆன செலவு! அதன் பிறகாவது உடனே விழித்தார்களா? இல்லை. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும், ராபர்ட் கென்னடியும் சாய்ந்த பிறகே பாராளுமன்றம் சட்டம் செய்தது. தபாலில் ரைபிள் வரவழைப்பது நின்றது. லைசென்ஸ் பெற்ற கடைக்காரர் ரைபிளை 18 வயதுக்குக் குறைந்தவருக்கும், கைத்துப்பாக்கியை 21க்குக் குறைந்தவருக்கும் விற்கக் கூடாது என்றாயிற்று. ரைபிள் வேட்டைக்காரனின் கருவி, கைத்துப்பாக்கி கொள்ளைக்காரனின் கருவி என்பது அந்நாளைய எண்ணம். அந்த எண்ணம் யுவால்டியில் என்ன விலை கேட்டது என்று பார்த்தோம்.

1998 நவம்பர் முதல், கடையில் வாங்குகிறவரின் பெயர் உடனடிச் சோதனைக்குப் போகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்குரிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், குடும்ப வன்முறைக்குத் தண்டனை பெற்றவர் ஆகியோருக்கு விற்பனை இல்லை. பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். பதில் வராமல் மூன்று வேலை நாட்கள் கழிந்தால்? மாநிலச் சட்டம் தடுத்தாலன்றி, கடைக்காரர் விற்றுவிடலாம்! சர்க்காரின் தாமதம் வாங்குகிறவனுக்கு அனுமதியாக மாறுகிற விந்தை இது. யுவால்டிக்குப் பிறகு, 2022 ஜூனில், 21 வயதுக்குக் குறைந்தவரின் சிறு பிராயக் குற்றப் பதிவுகளையும் பார்க்க வேண்டும், அதற்குப் பத்து வேலை நாட்கள் வரை எடுத்துக் கொள்ளலாம் என்று திருத்தினார்கள். இவ்வளவும் கடையில் வாங்கினால்தான். ஒரே மாநிலத்தில் வாழும் இருவர் தமக்குள் விற்று வாங்கினால், மத்தியச் சட்டம் எந்தச் சோதனையும் கேட்பதில்லை.

இந்த இடத்தில்தான் மாநிலங்கள் பிரிகின்றன. கலிபோர்னியாவில் எழுத்துத் தேர்வு வைக்கிறார்கள். தேறினால்தான் பாதுகாப்புச் சான்று. பணம் கட்டிய பிறகும் பத்து நாள் காத்திருக்க வேண்டும். தனியார் விற்பனையும் கடைக்காரர் மூலமாகத்தான். இல்லினாய் மாநிலத்தில் 1968 முதல் அடையாள அட்டை உண்டு. அட்டை இல்லாதவன் ரைபிளை மட்டுமல்ல, ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்கக் கூடாது. நியூ ஜெர்சியில் போலீஸ் மூலம் வாங்குவோர் அட்டை பெற்றாக வேண்டும். நியூயார்க்கில், ஒரு குண்டு பாய்ந்ததும் அடுத்தது தானே ஏறிக் கொள்ளும் வகை ரைபிளுக்கு, பஃபலோ படுகொலைக்குப் பின் 21 வயதும் லைசென்சும் வேண்டும் என்றாயிற்று. புளோரிடாவோ, பார்க்லண்ட் பள்ளியில் 17 உயிர்கள் போன 2018ஆம் ஆண்டிலேயே எல்லாத் துப்பாக்கிக்கும் 21 என்று வயதை உயர்த்தியது. அதைச் செய்தவர்கள் துப்பாக்கிக்குப் பகைவர்கள் அல்லர். துப்பாக்கி உரிமை பேசுகிற ரிப்பப்ளிகன் கட்சியின் சட்டசபையும் கவர்னருமே!

நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த 'முதல்' என்ற சொல்லைத்தான். வீட்டில் ஏற்கெனவே ஐந்து துப்பாக்கி வைத்திருப்பவனை ஆறாவதற்காகப் பத்து நாள் காக்க வைத்து என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதுவரை ஒன்றுமே இல்லாதவன்? நேற்றுவரை தேவைப்படாத ஆயுதம் இன்று மாலைக்குள் வேண்டும் என்று ஓடி வருகிறவன்? அவனிடம் சட்டம் பேசக் கிடைக்கும் சந்தர்ப்பம் அந்த ஒன்றுதான். 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக் கொண்டவர்கள். பாதிக்கு மேல்! கொலைகாரனுக்காக மட்டுமா காத்திருப்புக் காலம்? மனமுடைந்து கடை வாசலில் நிற்கிறானே, அவனுக்காகவும்தான். மூன்றாம் நாள் அவன் வராமலே இருக்கக்கூடும். நாமும் அதைத்தானே வேண்டுகிறோம்?

மறுபக்கத்தின் வாதத்தை நாம் மறைக்கவில்லை. மொன்டானாவின் மலையடிவாரத்தில், போலீஸ் நிலையத்துக்கு நெடுந்தூரத்தில் வாழும் குடியானவனுக்கு ரைபிள் ஒரு மண்வெட்டி மாதிரி. ஆடுகளை ஓநாய் தூக்கிப் போகிறது. அவனிடம் போய் நகரத்துத் துயரத்தைச் சொன்னால் அவன் சிரிப்பான். அவன் மகனும் 18 வயதில் வேட்டைக்குப் போகிறவன்தான். உண்மை. அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள்: கலிபோர்னியாவில் வயது 21 என்றாலும், முறையான வேட்டை லைசென்ஸ் வைத்திருக்கும் 18 வயதுக்காரன் சாதாரண வேட்டை ரைபிளை வாங்கலாம். வேட்டை லைசென்ஸ் என்றால் அதற்கு முன் பயிற்சி வகுப்பு உண்டு. அதாவது, துப்பாக்கி எடுக்காதே என்று சொல்லவில்லை. கற்றுக் கொண்டு வா என்கிறார்கள். இதிலே உரிமை எங்கே பறி போயிற்று?

வெறும் காகிதத்தால் பயன் இல்லை என்பதற்கும் சான்று கிடக்கிறது. இல்லினாயில் 21 வயதுக்குக் குறைந்தவன் அடையாள அட்டை கேட்டால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். 2019இல் ஒரு தந்தை, கத்திகளோடு வீட்டாரை மிரட்டியதாகச் சில மாதங்களுக்கு முன்புதான் போலீசின் கவனத்துக்கு வந்திருந்த மகனுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். 2022 ஜூலை 4ஆம் நாள், ஹைலண்ட் பார்க் நகரத்துச் சுதந்திர தின ஊர்வலத்தின் மீது அந்த மகன் சுட்டான். மாண்டவர் ஏழு பேர். தந்தை 2023இல் குற்றத்தை ஒப்புக் கொண்டார். தண்டனை? 60 நாள். சட்டம் கையெழுத்தைக் கேட்டது. கையெழுத்துப் போடுகிறவனின் மனச்சாட்சியைக் கேட்கவா முடியும்?

முதல் ரைபிள் வாங்குகிறவருக்கு உள்ள பெருந்தொல்லை வேறொன்று: சட்டம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2022இல் உச்ச நீதிமன்றம், பழைய வரலாற்று மரபோடு பொருந்தாத துப்பாக்கிச் சட்டம் செல்லாது என்று ஓர் அளவுகோலைக் கொடுத்தது முதல், வழக்குகள் மழையாய்ப் பொழிகின்றன. 2025ஆம் ஆண்டிலேயே புளோரிடாவின் 21 வயதுச் சட்டம் செல்லும் என்றது ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம். நியூ மெக்சிகோவின் ஏழு நாள் காத்திருப்பு அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாததாகவே தோன்றுகிறது என்றது மற்றொன்று. வாஷிங்டன் மாநிலமோ, வாங்குவதற்கே அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டத்தை 2027 மே 1 முதல் நடப்புக்கு வரும்படி இயற்றி வைத்திருக்கிறது. சாதாரணக் குடிமகன் எதை நம்பிக் கடைக்குப் போவான்? சட்டம் கடுமையாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் ஒரே பக்கத்தில், எளிய மொழியில், கடை வாசலில் ஒட்டி வைக்க முடியாத சட்டம் நேர்மையானவனைத்தான் சிக்க வைக்கும்.

கடையில் நீட்டப்படும் பாரத்தின் எண் 4473. முதலில் கேட்பதே, உண்மையில் வாங்குகிறவர் நீர்தானா என்பதைத்தான். முன்னாள் போலீஸ்காரரான ஏப்ராம்ஸ்கி என்பவர், தமக்குக் கிடைக்கும் சலுகை விலைக்காகச் சித்தப்பா கொடுத்த பணத்தில் கைத்துப்பாக்கி வாங்கி, வாங்குகிறவர் தாமே என்று எழுதினார். இருவருமே ஆயுதம் வைத்திருக்கத் தகுதி உள்ளவர்கள். இருந்தும் குற்றமே என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தீர்ப்பளித்தது. போதைப் பழக்கத்தை மறைத்து எழுதியதற்காக, பதவியிலிருந்த அதிபர் பைடனின் மகனையே 2024இல் ஜூரிகள் குற்றவாளி என்றனர். தந்தையின் மன்னிப்பு அவரைக் காத்தது. அந்தத் தந்தை எல்லோருக்கும் வாய்ப்பாரா?

டாலசிலும் ஹூஸ்டனிலும் வேலை பார்க்கும் நம் இளைஞர்களும் இந்தப் பாரத்தின் முன் நிற்க நேரிடுகிறது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் ரைபிள் வாங்குவதை மட்டுமல்ல, வைத்திருப்பதையும் மத்தியச் சட்டம் தடுக்கிறது. மாநிலம் கொடுத்த வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகளே உண்டு. நிரந்தரக் குடியுரிமை அட்டை பெற்றவருக்கு இத்தடை இல்லை. மாணவர் விசாவில் வந்து, படிப்பு நின்ற பிறகும் தங்கிவிட்ட ரெஹாய்ஃப் என்பவர், புளோரிடாவில் பயிற்சிக் களத்துக்குப் போய்ச் சுட்டதற்காகவே வழக்கில் மாட்டினார். தம் நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை சர்க்கார் மெய்ப்பிக்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லும் வரை அவர் பட்ட பாடு சிறிதன்று. மனைவி அட்டை பெற்றவர், கணவர் விசாவில் இருப்பவர் என்ற குடும்பங்கள் எத்தனையோ. அந்த வீட்டுக்கு ஒரு ரைபிள் வருமானால், பெட்டியின் சாவி யார் கையில் இருக்கலாம் என்பதைக்கூட வக்கீலிடம் கேட்டுக் கொண்டு, அதற்குப் பிறகு கடைக்குப் போகட்டும்.