கடல் கடக்குமுன் காவிரி கடப்போம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து அயல்நாடு செல்வது இன்று ஒரு செய்தியே அன்று. எம் பாட்டனார் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியவரைச் 'சபுராளி' என்றழைத்து ஊரே தெருமுனைவரை வந்து வழியனுப்பிற்று. இன்றோ இந்நகர விமான நிலையத்திலிருந்தே சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் விமானங்கள் பறக்கின்றன. பிழைப்புத் தேடிச் செல்வோரின் வரிசையில் படிப்புத் தேடிச் செல்லும் இளைஞரும் நிற்கின்றனர். 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883-இல் திருச்சிக்குப் பெயர்ந்த தூய வளனார் கல்லூரி, 1923-இல் பெண்களுக்கெனத் தொடங்கப்பெற்ற ஹோலி கிராஸ் கல்லூரி, பிஷப் ஹீபர் கல்லூரி முதலான கிறித்தவக் கல்லூரிகளில் பயின்றோரும் அவ்வரிசையில் உள்ளனர்.

'கிறித்தவக் கல்லூரி மாணவரைப் பற்றி நம் மலரில் எழுதுவானேன்?' என்று ஜமாஅத் பெரியோர் சிலர் வினவக்கூடும். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே பயில்கின்றனர் என்பது ஒரு விடை. யாம் சுட்டவிருக்கும் குறை அவர்களுக்கு மட்டும் உரியதன்று என்பது மற்றொரு விடை.

அக்குறை யாது? பயணத்திற்கு ஆயத்தமாதல் என்றால் கடவுச்சீட்டு, விசா, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், வங்கிச் சான்று, கம்பளிச் சட்டை, ஊறுகாய்ப் புட்டி என்ற அளவில் எண்ணம் நின்றுவிடுகிறது. வேற்று மனிதரோடு வாழ்வதற்கான ஆயத்தம் அப்பெட்டியில் இடம்பெறுவதில்லை.

ஓராண்டு ஐரோப்பாவில் பயின்று திரும்பிய மாணவர் ஒருவர் எம்மிடம் மனந்திறந்து பேசினார். எந்தக் கல்லூரி என்பது ஈண்டு வேண்டா. அவர் தங்கிய வீட்டுப் பெரியவர் ஒரு படநூலைக் கொணர்ந்து, திருவரங்கக் கோபுரத்தைக் காட்டி, ஏழு திருச்சுற்றுகளுக்கும் பொருள் யாதென வினவினாராம். நாலைந்து கிலோமீட்டர் தொலைவில் இருபதாண்டு வாழ்ந்தும் அக்கோயிலின் வாயிலை மிதித்திராத நம் மாணவர், 'அது எங்கள் கோயில் அன்று' என்று விடையிறுத்துள்ளார். 'அங்ஙனமாயின் உங்கள் அண்டைவீட்டார் எவ்வாறு வழிபடுவர்?' என்று அவர் மீண்டும் கேட்டார். அதற்கும் விடையில்லை. அதன்பின் அம்மாணவர் நான்கு தமிழ் நண்பர்களோடு ஓர் அறைக்குள் சமைத்து உண்டு, அந்த ஓராண்டையும் கழித்துவிட்டார். பட்டம் வந்தது, அந்நாட்டு நண்பர் ஒருவர்கூட வாய்க்கவில்லை. அண்டைவீட்டாரிடம் கேள்வி கேட்டுப் பழகாதவர் அயல்நாட்டாரிடம் எங்ஙனம் கேட்பார்?

எதிர்த்திசையில் வந்தவர்களைச் சற்றே நோக்குவோம். சுவார்ட்ஸ் ஐயர் ஜெர்மனியின் ஹாலே நகரிலேயே தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டு, 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். திருச்சிக் கோட்டைக்குள் 1766-இல் கிறிஸ்து ஆலயம் எழுப்பிய அவர், தமிழோடு நில்லாது பாரசீகமும் இந்துஸ்தானியும் பயின்றார். 1779-இல் ஆங்கிலேயர் ஹைதர் அலியிடம் தூதனுப்ப ஆள் தேடியபோது, மொழிபெயர்ப்பாளர் துணையின்றி ஹைதரோடு பேச வல்லவராக அவர் இருந்தார். இத்தாலியில் பிறந்து 'தேம்பாவணி' பாடிய வீரமாமுனிவரைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும், விடுகிறோம். அவர்களுக்கும் முன்னர், பதினோராம் நூற்றாண்டில், அல்பிரூனி வடமொழி கற்ற பின்னரே இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலை எழுதினார். பிறர் சமயத்தை ஊன்றிக் கற்றதனால் இவர்களுள் எவரும் தம் சமயத்தைவிட்டு நீங்கினாரல்லர். பிள்ளைகளின் ஈமான் தளர்ந்துவிடுமோ என அஞ்சும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

அண்மைக்காலச் சான்றும் இந்நகரிலேயே உண்டு. 1950 முதல் 1954 வரை தூய வளனார் கல்லூரியில் பயின்ற அப்துல் கலாம் அவர்கள், விடுதி அறையில் தம்முடன் தங்கியிருந்த இருவரைப் பற்றி 'அக்னிச் சிறகுகள்' நூலில் குறிப்பிடுகிறார். ஒருவர் ஆசாரம் மிக்க ஸ்ரீரங்கத்து ஐயங்கார். மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறித்தவர். இராமேசுவரத்து இசுலாமியப் பிள்ளையோ சைவ உணவுக்கூடத்தின் செயலர்! விடுதித் தலைவரான பாதிரியாரை ஒரு ஞாயிறன்று விருந்துக்கழைத்து, தத்தம் வீட்டுப் பக்குவங்களையெல்லாம் இலையில் வைத்தனர். யாரும் அதனைப் பாடத்திட்டம் என்று அழைக்கவில்லை. ஆயின் சில ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் நாசா நிலையங்களுக்குப் பயிற்சிக்காகச் சென்ற கலாம் அங்கே திகைத்து நிற்கவில்லை. வாலப்ஸ் தீவின் வரவேற்பறையில் தொங்கிய ஓவியத்தில் ராக்கெட் ஏவும் படை திப்பு சுல்தானுடையது என அவர் கண்டுகொண்டார். தன் வீட்டை அறிந்தவன் கண்ணுக்கே அயல் வீட்டுச் சுவரில் உள்ளதும் தெரியும் போலும்.

எம் அனுபவம் ஒன்றையும் உரைக்கலாம். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் படித்த நாளில், வேணுகோபாலன் சந்நிதிச் சிற்பங்களைக் காண ஸ்ரீரங்கம் சென்றோம். 1987-இல் நிறைவுற்ற 236 அடி இராஜகோபுரத்தின் கீழே நுழையும்போதே, பெயர் கேட்டால் என் செய்வது என்ற கூச்சம் உள்ளத்தை அரித்தது. முதியவர் ஒருவர் கேட்டேவிட்டார். பெயரைச் சொன்னோம். அவர் முகம் மலர்ந்து, 'உள்ளே துலுக்க நாச்சியார் எழுந்தருளியிருக்கா, தெரியுமோ?' என்றார். சுல்தானின் மகள் அரங்கன்பால் காதல் கொண்டாள் என்னும் கதையையும், அவள் பொருட்டு ரொட்டி படைக்கும் வழக்கத்தையும் திண்ணையில் அமர்ந்து விரித்துரைத்தார். வரலாற்றறிஞர் அதனைச் செவிவழிக் கதை என்பர், ஆகட்டும். இந்து அல்லாதார் மேற்செல்லலாகாது என்னும் பலகை வரை சென்று நின்றோம். நாச்சியார் உள்ளே, யாம் வெளியே! எனினும் மனத்தில் கசப்பில்லை. எதுவரை செல்லலாம், எங்கே நிற்கவேண்டும், நிற்கும்போது முகத்தை எவ்வாறு வைத்துக்கொள்ளவேண்டும் என்பதை அன்று கற்றோம். அயல்நாட்டு வாழ்க்கையில் ஒருவருக்கு நாள்தோறும் தேவைப்படும் பாடம் அதுவேயாகும்.

ஆதலின் கிறித்தவக் கல்லூரி நண்பர்களுக்கு எம் வேண்டுகோள் இது. அயல்நாடு செல்லவிருக்கும் மாணவரை ஒரு பருவம் முழுதும் இவ்வூரிலேயே பயணம் செய்யவிடுங்கள். மார்கழியில் ஸ்ரீரங்கத்து வீடொன்றில் ஒரு காலைப்பொழுது. ரமலானில் நத்ஹர்வலி தர்கா அருகே நோன்புக் கஞ்சி. கேட்ட கேள்வியையும் பெற்ற விடையையும் தாய்மொழியில் எழுதி வரட்டும். அவர்களிடம் பிறர் கேட்கும் கேள்விக்கும் விடை சொல்லப் பழகட்டும். பதாகை பிடித்துப் படமெடுக்கும் சமய நல்லிணக்கச் சுற்றுலா மட்டும் வேண்டவே வேண்டா. அத்தகைய படங்கள் எல்லாக் கல்லூரிச் சுவர்களிலும் போதுமான அளவு தொங்குகின்றன. கணியன் பூங்குன்றனாரை மேடைதோறும் முழங்கும் தமிழாசிரியராகிய நாமும் இதில் தப்ப முடியாது. பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை என்பார்க்கு ஒன்று சொல்வோம்: சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் எண் பேருந்தில் ஏறினால் அரைமணி நேரத்தில் அரங்கம் வந்துவிடும்.

பிறர்க்குரைத்துத் தாம் வாளாவிருத்தல் முறையன்று. வரும் மார்கழியில் நம் துறை மாணவர் பதின்மரை அவ்வாறு அழைத்துச் செல்ல எண்ணிப் பெற்றோர்க்கு மடல் எழுதியுள்ளோம். எழுவர் வீட்டில் இசைந்தனர். இரு வீடுகளிலிருந்து மறுப்பு வந்துள்ளது. நேரில் சென்று பேச வேண்டும். எஞ்சிய ஒரு மாணவரின் தாயார், தாமும் உடன்வரலாமா என்று கேட்டனுப்பியுள்ளார்.