நிறைக்கு விற்பதா, தரத்துக்கு விற்பதா?

மூலப்பொருளை அப்படியே ஏற்றுமதி செய்யாமல் பெறுமதி சேர்த்து அனுப்ப வேண்டும் என்ற பேச்சு எமது வியாபாரிகள் மத்தியில் அடிக்கடி அடிபடுகிறது. நல்ல பேச்சுத்தான். ஆனால் அந்தப் பெறுமதி எந்த இடத்தில் சேர்கிறது என்று விசாரிப்பவர்கள் குறைவு. இதற்குக் கயோலின் என்னும் வெள்ளைக் களிமண்ணை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

பீங்கான், காகிதம், பெயின்ட், றப்பர் ஆகிய தொழில்களுக்குக் கயோலின் தேவைப்படுகிறது. பீங்கானிலும் காகிதத்திலும் அதன் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெண்மை. அந்த வெண்மையைக் கெடுப்பது இரும்பு கலந்த நுண்ணிய கனியத் துகள்கள். களிமண்ணும் மிக நுண்மையானது, அழுக்கும் மிக நுண்மையானது. பெரும்பகுதி இரண்டு மைக்ரோனுக்கும் குறைவு. ஆகவே சல்லடையால் பிரிக்க முடியாது.

காந்தத்தால் இழுக்கலாமே என்று கேட்கலாம். சாதாரண காந்தம் இங்கே தோற்றுப்போகும். துகளின் குறுக்களவு பத்தில் ஒன்றானால் அதன் கனவளவு ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். காந்தம் இழுக்கும் விசையும் அதே அளவுக்கு விழும். ஓடும் தண்ணீர் துகளை அடித்துச் செல்லும் விசையோ பத்தில் ஒன்றாக மட்டுமே குறைகிறது. ஆகவே தண்ணீர்தான் வெல்லும்.

இதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி கோல்ம். அவரது காப்புரிமை 1971இல் வழங்கப்பட்டது. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைப் போன்ற மெல்லிய உருக்கு நாரை ஒரு பெரிய உருளைக்குள் அடைத்து, அதைச் சுற்றிப் பலமான மின்காந்தத்தை வைக்கிறார்கள். காந்தம் இயங்கும்போது ஒவ்வொரு நாரின் ஓரத்திலும் காந்தப்புலம் மிகக் குறுகிய தூரத்துக்குள் சடுதியாக மாறுகிறது. அந்த மாற்றம்தான் நுண்துகளையும் பிடித்து இழுக்கிறது. களிமண் கரைசலை உள்ளே விட்டால் அழுக்கு நாரில் ஒட்டிக்கொள்ளும், சுத்தமான களிமண் வெளியேறும். பின்னர் காந்தத்தை நிறுத்தித் தண்ணீர் விட்டு நாரைக் கழுவுகிறார்கள். ஜோர்ஜியா மாநிலத்துக் கயோலின் கம்பனிகள் 1970களில் இம்முறையைப் பரவலாகக் கையாளத் தொடங்கின. 1986இல் அங்கே மீக்கடத்திக் காந்தமும் வந்து மின்சாரச் செலவு வெகுவாகக் குறைந்தது.

இங்கே கவனியுங்கள். களிமண்ணின் நிறை கூடவில்லை, சற்றுக் குறைந்துதான் போனது. விலை மட்டும் ஏறியது. நாம் தொன் கணக்கில் விலை பேசும்போது, வாங்குபவர் வெண்மையையும் இரும்பின் வீதத்தையும் பார்த்து விலை போடுகிறார்.

எமது நாட்டிலும் மீட்டியாகொடை, பொரலஸ்கமுவ பகுதிகளில் கயோலின் உண்டு. அப்படியானால் இயந்திரத்தை இறக்குமதி செய்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. எல்லா இரும்பும் காந்தத்துக்கு அகப்படாது. களிமண் பளிங்கின் உள்ளேயே குடியிருக்கும் இரும்பை இம்முறையால் எடுக்க முடியாது. துகளின் மேல் படிந்த மெல்லிய கறைக்கு இரசாயனச் சலவை தேவை. எந்த வகை இரும்பு என்று தெரியாமல் கோடிக் கணக்கில் போடுவது, நோயை அறியாமல் மருந்து வாங்குவதற்குச் சமம்.

புல்மோட்டைக் கனிய மணலையும் இத்துடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது மணல், துகள் பெரிது. இல்மனைற்றைப் பிரிக்க வழமையான காந்தமே போதும். அங்கே நாம் இழப்பது வேறிடத்தில். இல்மனைற்றை மூலப்பொருளாக அனுப்பிவிட்டு, பெயின்டுக்குரிய டைட்டேனியம் டைஒக்சைட்டை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். ஒவ்வொரு பொருளுக்கும் பெறுமதி சேரும் படி வேறு. அந்தப் படியைக் கண்டுபிடித்த பின்னர்தான் முதலீட்டைப் பேச வேண்டும்.

ஆகவே கனியப் பொருள் வியாபாரத்தில் உள்ள சகோதரர்களுக்கு மூன்று விடயங்களைச் சொல்வேன். முதலாவது, 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படியான அனுமதிப்பத்திரம் உள்ள இடத்திலிருந்து மட்டும் பொருளை எடுங்கள். இரண்டாவது, பல இடங்களில் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் பரிசோதியுங்கள். இயந்திரம் விற்க வருபவரிடம், உங்கள் மாதிரியை ஓட்டிக் காட்டிய பின்னரே விலை பேசச் சொல்லுங்கள். மூன்றாவது, ஆய்வு சாதகமாக வந்தாலும் தனியாளாக வட்டிக் கடனில் இறங்காதீர்கள். இது சிறு வியாபாரி ஒருவரின் தோள் தாங்கும் சுமையல்ல. பத்துப் பேர் சேர்ந்து, இலாப நட்டத்தில் பங்கு வைத்து, முஷாரகா முறையில் எழுத்து மூலம் உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள்.

இயந்திரம் வாங்காதவருக்கும் ஆய்வறிக்கை பயன் தரும். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று விற்றவரிடம் கேட்ட சம்பவம் நாம் அறிந்ததே. பொருளின் குறையைச் சொல்லி விற்பது எமது கடமை. களிமண்ணில் உள்ள இரும்பு கண்ணுக்குத் தெரியாத ஈரம். அளந்து பார்க்காதவர் அதை எப்படிச் சொல்வார்? மூடைக்கு ஆய்வறிக்கையோடு விற்கத் தொடங்குங்கள். நல்ல களிமண் உள்ளவருக்கு நல்ல விலை கிடைக்கும், வாங்குபவரும் ஏமாறமாட்டார். இன்ஷா அல்லாஹ், அந்த வியாபாரத்தில் பரக்கத்தும் இருக்கும்.